அக்காவின் ரவிக்கை அளவு

என் அக்கா கொஸ்லந்தையில் பிரசவத்தில் இறந்துபோனாள். பிள்ளையும் தங்கவில்லை. காரியம் முடிந்து அப்பா பதுளைக்குத் திரும்பியபோது அவளுடைய அரக்குச் சிவப்பு ரவிக்கை கையில் இருந்தது. கொடுத்தனுப்பியது அவளுடைய மாமியார். எனக்கு அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. பூவும் பொட்டுமாகப் போனவளின் துணி தங்கச்சிக்கு நல்லதுதான் என்றாளாம். அது எனக்கு அளவாகும்போது என்னையும் அதே மகனுக்குக் கட்டிவைப்பது என்று பேச்சு. அப்பா தலையாட்டிவிட்டு வந்திருந்தார். கடையில் ஒரு மூட்டை அரிசிக்கு மணிக்கணக்கில் வாதாடுகிற மனிதர், தன் அக்காவுக்கு முன்னால் மட்டும் வாயே திறக்கமாட்டார்.

அத்தான் நல்லவரா கெட்டவரா என்றுகூட நான் யோசிக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போனால் நானும் செத்துப்போவேன் என்ற பயம் ஒன்றுதான்.

மாதத்துக்கு ஒருமுறை அம்மா அளவு பார்ப்பாள். ரவிக்கையைப் பாயில் விரித்துச் சுருக்கமில்லாமல் தடவிவிடுவாள். பருத்தி நூலை என் மார்பைச் சுற்றிப் பிடித்து, சேரும் இடத்தில் முடிச்சுப் போடுவாள். அந்த நூலை இரண்டாக மடித்துத் துணிமேல் வைத்தால் எவ்வளவு தொளதொளப்பு என்று தெரிந்துவிடும். பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். விலாப்பக்கம் இரண்டு விரல் நுழைந்தால் சரியான அளவு.

நூல் சுற்றும்போது நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வேன். சோற்றையும் குறைத்தேன். "என்ன, கோழி கொத்துற மாதிரி சாப்புடுறே?" என்று அப்பா கேலி செய்வார். அப்படியும் உடம்பு வளர்ந்தது. எனக்கு என் உடம்பின்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஒரு மாதம் மூன்று விரல்தான் நுழைந்தது. மறுநாள் அப்பா கடைக்குப் போனதும் அம்மா ரவிக்கையை உள்புறம் திருப்பி, பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே மடித்து விட்டிருந்த துணியில் கொஞ்சம் வெளியே எடுத்து மறுபடி தைத்தாள்.

"அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்றாள்.

அன்றைக்கு அப்பா கேட்டபோது, இன்னும் நாலு விரல் நுழைகிறது என்று சொன்னாள். கொஸ்லந்தைப் பக்கம் சாமான் ஏற்றிப்போகிற வண்டிக்காரரிடம் அதே சேதி போனது. நான் வளர வளர அம்மா பிரித்துக்கொண்டே வந்தாள். கடைசி மடிப்பையும் பிரித்துத் தைத்துவிட்டு, "இனிமே பிரிக்கத் துணி இல்லடி" என்று அவள் சொன்ன அன்று இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதோம்.

அந்த வாரமே அத்தை வந்து இறங்கினாள். கால் கழுவிய ஈரம் காயவில்லை, "ரவிக்கையைப் போட்டுட்டு வாடி, பார்ப்போம்" என்றாள்.

போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அத்தை விலாப்பக்கம் கையை விட்டாள். நாலு விரலும் தாராளமாக நுழைந்தன. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் கையை எடுக்கவில்லை. உள்ளே தையலைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். துணியின் ஓரத்தை வெளியே திருப்பிப் பார்த்தாள். பழைய தையலைப் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"ஊசி நூல் எடுத்துட்டு வா" என்று அம்மாவிடம் சொன்னாள்.

"கழட்டித் தரச் சொல்றேன் அண்ணி. உடம்புல வச்சுத் தைக்கக் கூடாதுங்க."

"கழட்டினா இன்னும் எங்கெங்க பிரிப்பியோ."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை குனிந்து, அந்தப் பழைய துளைகளின் வழியாகவே தைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறை ஊசி உள்ளே வரும்போதும் விலா எலும்பு கூசியது. எங்கே குத்திவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். இரண்டு பக்கமும் முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"நீயே விட்டுப் பாரு."

அம்மா கிட்டே வந்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. இரண்டுதான் நுழைந்தன. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அளவு சரியா இருக்குங்க அண்ணி" என்றாள்.