சித்தி வேண்டிக்கொண்ட தக்காளிக் கொத்து

எங்கள் ஊரில் முதல் விளைச்சலை வீட்டார் தொடக்கூடாது. பூண்டோ, உருளைக்கிழங்கோ, அவரையோ, எதுவானாலும் முதலில் எடுப்பது முருகனுக்குத்தான். கோயில் தட்டுக்குப் போய்வந்த பிறகுதான் அது எங்கள் சட்டிக்கு வரும். ஐம்பதுகளில், பழனி மலையின் மேல்மலைக் கிராமத்தில், இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. ஒன்பது வயதில் எனக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

கொடைக்கானலில் ஒரு பங்களாத் தோட்டத்தில் சித்தப்பா வேலை பார்த்தார். அங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது ஒரு காகிதப் பொட்டலத்தில் தக்காளி விதை கொண்டுவந்தார். சித்தி நாற்று வளர்த்து, அடுப்படிச் சுவருக்கு வெளிப்புறமாக, பனிக்காற்று படாத இடத்தில் நட்டாள். உள்ளே அடுப்பு எரிந்தால் அந்தச் சுவர் வெளியிலும் வெதுவெதுப்பாக இருக்கும். செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன. கம்பு ஊன்றிக் கட்டினாள். காய்த்தபோதுதான் வேடிக்கை தெரிந்தது. நாட்டுத் தக்காளியைப் போல ஒன்றிரண்டாகக் காய்க்காமல், நெல்லிக்காய் அளவில் பன்னிரண்டு காய்கள் ஒரே காம்பில் இரண்டு வரிசையாகத் தொங்கின. பார்க்க வந்த பெண்கள் திராட்சையா என்று கேட்டார்கள்.

சித்தி அடிவாரத்துப் பாலசமுத்திரத்திலிருந்து மலையேறி வாழ வந்தவள். இரண்டு முறை வயிற்றில் பிள்ளை தங்கியும் நிலைக்கவில்லை. மூன்றாவது முறை ஐந்தாம் மாதத்தில் இருந்தபோதுதான் அந்தக் கொத்து காய் பிடித்தது. ஒன்றுகூட உதிராமல் பன்னிரண்டும் நின்றதைப் பார்த்து அவளுக்கு ஏதோ தைரியம் வந்திருக்க வேண்டும். முழுக் கொத்தையும் ஒரு பழம் குறையாமல் முருகனுக்குப் படைப்பதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிறக்கும்வரை அந்தப் பழத்தை வாயில் வைப்பதில்லை என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

அந்த வேண்டுதலில் ஒரு சிக்கல் இருந்தது. கொத்து ஒரே நாளில் பழுக்காது. மேல் பழம் சிவந்து கனிந்து நிற்கும்போது நுனியில் இருப்பவை பச்சைக் காயாகவே இருக்கும். நுனி பழுக்கிறவரை மேல் பழம் தாங்க வேண்டும். சித்தி காலையும் மாலையும் செடி முன்னால் நின்று எண்ணுவாள். அணில் கடிக்காமலிருக்க ஒரு பழைய சேலைத் துண்டைச் சுற்றி வைத்தாள். அத்தை என்னைக் காவலுக்கு உட்காரவைத்தாள். அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். கணவர் இறந்தபின் எங்கள் வீட்டுக்கு வந்து, வீட்டை மொத்தமாகத் தன் கைக்குள் கொண்டுவந்திருந்தாள். பொறுப்பைக் கொடுத்தால் பொறுப்பு வந்துவிடும் என்பது அவள் எண்ணம்.

மூன்று நாள் ஒழுங்காகத்தான் காவல் காத்தேன். நான்காம் நாள் மேல் பழத்தின் தோலில் மெல்லிய வெடிப்பு விட்டிருந்தது. எப்படியும் வீணாகத்தானே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, துணியை விலக்கி, பறித்து வாயில் போட்டேன். தக்காளி என்றால் புளிப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது அப்படி இனித்தது. விழுங்கிய பிறகுதான் பயம் வந்தது. இன்னொரு கொத்தில் அப்போதுதான் சிவந்திருந்த ஒரு பழத்தைக் காம்போடு கிள்ளி, பூக்கட்டும் நாரால் பழைய இடத்தில் இறுக்கிக் கட்டினேன். முருகனை ஏமாற்றிவிடலாம் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. சித்தி எண்ணும்போது பன்னிரண்டு இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கொத்து கோயிலுக்குப் போனது. சித்தி தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, அடி பார்த்துப் பார்த்து நடந்தாள். பூசாரி கொத்தைக் காம்பில் பிடித்துத் தூக்கியபோது ஒரு பழம் கழன்று விழுந்து, கல்தரையில் உருண்டு, அவள் காலருகே போய் நின்றது. "கனிஞ்ச பழம், விழத்தான் செய்யும்" என்று சொல்லிப் பூசாரி அதை எடுத்துத் தட்டில் வைத்தார். சித்தியின் கை வயிற்றின்மேல் போனது. அத்தை குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண் பிள்ளை. அப்பா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

சித்தி எழுந்து உட்காரத் தொடங்கியதும் அத்தை எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். பத்திரமாக வைத்திருந்த காய்ந்த நார்த்துண்டை எங்கள் முன்னால் போட்டாள்.

"அன்னைக்கே கோயில்ல எடுத்தேன். புள்ளத்தாச்சி காதுல விழ வேணாம்னு பொத்தி வெச்சிருந்தேன். இந்த நாரை வெச்சுப் பழத்தைக் கட்டிவிட்டிருக்கு. முருகன் பழத்துல கை வெச்சது யாரு?"

காவலுக்கு இருந்தவள் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தையின் பார்வை என் பக்கம் திரும்புவதற்குள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சுவரில் சாய்ந்திருந்த சித்தி என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நான்தான் மதினி. வாய் கேக்கல. ஒண்ணு தின்னுட்டேன். அப்புறம் பயந்துபோயி நாரை வெச்சுக் கட்டிட்டேன்" என்றாள்.

"இந்தச் சின்னப்புள்ள நாக்கை அடக்கிக்கிட்டுக் காவலுக்கு உக்காந்திருந்துச்சு. உனக்கு அடங்கலயா?" என்றாள் அத்தை.

சித்தப்பா எழுந்து வெளியே போய், தக்காளிச் செடிகள் அத்தனையையும் வேரோடு பிடுங்கி எறிந்தார். சித்தியை அவள் தாய்வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. உடம்பு தேறிவரட்டும் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நிம்மதியாக இருந்தது. சித்தியும் ஒரு பழம் தின்றிருக்கிறாள் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அப்படியானால் கோயிலில் விழுந்தது அவள் கட்டிய பழம். நான் கட்டியது விழாமல் நின்றிருக்கும். முருகனுக்குக் கோபம் அவள்மேல்தான். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அவள் கிளம்பிய அன்று, சித்தப்பா மட்டக்குதிரையில் துணிமூட்டையை ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். நான் சித்தியோடு ஊர் எல்லை ஓடைவரை நடந்தேன். அதுவரை யாரிடமும் பேச முடியாமலிருந்த விஷயத்தைப் பேச எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"சித்தி, உங்களுக்கும் இனிச்சுச்சா?"

சித்தி நின்றுவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள். கலைந்திருந்த என் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"ஆமாடி கண்ணு, நல்லா இனிச்சுச்சு. வெரசா வீட்டுக்குப் போ. அத்தை தேடும்."

நான் துள்ளிக்கொண்டு வீடு திரும்பினேன். சித்தப்பா அவளை அழைத்துவரப் போகவே இல்லை. மறு வருஷம் எங்கள் வீட்டுக்கு வேறொரு சித்தி வந்தாள். அந்தப் பழம் புளிக்குமா இனிக்குமா என்பதே திரும்பி வராத அந்தச் சித்திக்குத் தெரியாது என்று எனக்கு உறைத்தபோது எனக்குக் கல்யாணமாகி, வயிற்றில் முதல் பிள்ளை இருந்தது.