குளிர் அறையில் தெளித்த கோமியம்

சூளகிரிப் பக்கம் புளி மூட்டை வைக்கிற குளிர்கிடங்கு ஒன்றில் புது அறை திறந்தார்கள். என் பேத்திக்கு அது பரீட்சை நாள். ஓசூரில் அவள் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனியில் ஒரு காகிதம் செய்கிறார்கள். வெள்ளி மையில் சுருள் கோலம் போட்டிருக்கும். சிப்பு கிடையாது, பேட்டரி கிடையாது, பஸ் டிக்கெட் கனம்தான். குளிரூட்டும் குழாயில் அமோனியா கசிந்தால், கோலத்தின் மேல் பூசிய மருந்து மாறிவிடும். ரீடர் என்கிற கைக்கருவியைக் கிட்டே கொண்டுபோனால் அது கத்திக் காட்டிக்கொடுக்கும். கிடங்கு முதலாளிக்குப் பிடித்தால் எல்லா அறையிலும் ஒட்டலாம். பிடிக்காவிட்டால் பேத்தியின் வேலையே ஆட்டம் கண்டுவிடும்.

சுவரெல்லாம் அவள் ஒட்டி முடித்ததும் பூஜை. வீட்டில் மாடு இருக்கிறதே என்று, முதலாளி என்னைத்தான் கோமியம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். முந்தின நாளே பிடித்துச் சொம்பில் மூடி வைத்த சரக்கு. மாவிலையை முக்கி மூலை முடுக்கெல்லாம் விளாசினேன். கல்யாணத்தில் பன்னீர் தெளிக்கிற மிதப்பு எனக்கு.

கேசரி தின்ற கையோடு எல்லோரும் கூடினார்கள். பேத்தி ரீடரை நீட்டினாள். ஒட்டிய காகிதம் ஒவ்வொன்றுக்கும் அது கத்தியது. மெக்கானிக் பதறிப்போய்க் குழாய் இணைப்பிலெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். கசிவிருந்தால் குமிழி கிளம்பும்; ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

"பொய் சொல்ற காகிதம் நமக்கு எதுக்கும்மா? பிச்சு எடுத்துட்டுப் போயிரு" என்றார் முதலாளி.

பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. பையிலிருந்து புதுக் காகிதம் ஒன்றை எடுத்து, ரீடரோடு சேர்த்துப் பிடித்துக் குழாயோரமாகவே நடந்தாள். சத்தமில்லை. சொம்போடு நின்ற என்னைத் தாண்டினாள் பாருங்கள், அலறியது. நான் தள்ளிப் போனேன், அடங்கியது. கிட்டே வந்தேன், மறுபடி அலறியது. எனக்குக் குஷி தாங்கவில்லை. போய்ப் போய் வந்தேன்.

"ஆயா, ஒரு எடத்துல நில்லு. சொம்புல என்ன?"

"கெடங்கு முதலாளி கேட்ட தீர்த்தந்தான் கண்ணு."

நாள்பட்ட கோமியத்திலும் அதே அமோனியா வாயுதான் கிளம்பும், சுவர்க் காகிதத்திலெல்லாம் அது தெறித்திருக்கிறது என்று அவள் முதலாளிக்கு விளக்கினாள். அவர் நம்பாமல் சொம்பை முகர்ந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி, தும்மிவிட்டுத் திரும்பினார். இத்தனை கொஞ்சத்துக்கே கத்துகிறதா என்று ஆச்சரியம் அவருக்கு. மெக்கானிக் சிரித்துச் சிரித்து நுரை வாளியைத் தட்டிவிட்டார்.

"கெடங்கு பூரா ஒட்டிரும்மா. ஆனா ஆயா மட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

"நான் வரலைங்க சாமி. வேணும்னா மாட்ட அனுப்பி வெக்கறேன்" என்றேன்.