நாற்பத்தொரு தலைக்கட்டு

திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிரே, ஊராருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் கடை என்னுடையது. கடைக் கம்ப்யூட்டரின் ஓரத்தில் எப்போதும் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கும். படம் கிடையாது, குரல் கிடையாது, வெறும் எழுத்து. டச் போன் வருவதற்கு முன்பிருந்த அரட்டை அறை. வளைகுடாவுக்குப் போன எங்கள் பக்கத்து ஆட்களும் ஊரில் கிடந்த நாங்களும் ஒரு காலத்தில் அதில்தான் கும்மாளம் போட்டோம்.

அதற்கு நான்தான் நிர்வாகி. சிரிக்காதீர்கள். குடும்பத்தின் செல்போன் குழுவில் நான் என்ன போட்டாலும் ஒரு கட்டைவிரலோடு முடிந்துவிடும். வேறெங்கும் என் சொல் அம்பலம் ஏறாது. அந்த அறை போனால் எனக்குப் போக்கிடம் இல்லை.

அங்கே தினமும் தவறாமல் வருகிறவர் நரிக்குடிக்காரர் ஒருவர், ரிட்டையரான வாத்தியார். வந்ததும் "இந்த அறை செத்துப்போச்சு" என்று எழுதுவார். பத்து வருஷமாக எழுதுகிறார். இழவு சொல்ல வருகிறவன்கூட ஒருமுறை சொல்லிவிட்டுப் போய்விடுவான். இவர் மறுநாளும் வந்து நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வளர்கிறது" என்று நானும் விடாமல் பதில் எழுதுவேன்.

அறை ஓடும் சர்வர் துபாயில் இருக்கும் என் பள்ளித் தோழனுடையது. போன மாதம் அவன் போனில் கேட்டான். "ஏலே, அத வச்சிக்கிறதா, மூடிறதா? ஆளு கூடுதா, கொறையுதா?"

"கூடுதுலே. நாப்பத்தொண்ணு இருக்கு" என்றேன்.

பொய் இல்லை, எங்கள் பக்கத்துக் கணக்கு. கோயில் பொங்கலுக்கு வரி போடத் தலைக்கட்டு, அதாவது குடும்பம், எண்ணும்போது, சூரத்தில் முறுக்குக்கடை போட்டு ஊரையே மறந்தவனையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். வீடு பூட்டிக் கிடந்தாலும் தலைக்கட்டு தலைக்கட்டுதான். அறையிலும் அப்படித்தான். ஆள் இல்லாவிட்டாலும் எங்கோ ஒரு எந்திரம் அணையாமல் ஓடினால் பேர் உள்ளேயே நிற்கும். கல்யாணமானவன் தனித் தலைக்கட்டு ஆவது போல, போன் மாற்றிய ஒருவர் பழைய பேரும் புதுப் பேருமாக இரண்டு பேராகியிருந்தார். வளர்ச்சி என்றால் வேறென்ன?

தோழன் விவரமானவன். "ஞாயித்துக்கெழம நாலு மணிக்குப் பேரு கூப்பிடுலே. நானும் பாக்குறேன்" என்றான்.

கூப்பிட்டேன். ஒவ்வொரு பேராக எழுதிவிட்டுக் காத்திருந்தேன். ஈ காக்கை இல்லை. சவூதியில் ஜவுளிக்கடையில் இருக்கும் பாய் பேரிலிருந்து மட்டும் "வணக்கம், சற்று வெளியே சென்றிருக்கிறேன்" என்று உடனே வந்தது. எந்திரத்துக்கு அதைச் சொல்லிவைத்துவிட்டு அவர் வெளியே போய் ஆறு வருஷம் ஆகிறது. நாற்பத்தொன்றாவதாக நரிக்குடிக்காரரைக் கூப்பிட்டேன். "உள்ளேன். செத்துப்போச்சுன்னு அப்பவே சொன்னேன்ல" என்று எழுதினார்.

"ரெண்டு பேருக்கு எதுக்குலே சர்வரு? டீக்கடைக்குப் போங்க" என்று எழுதிய தோழன், அன்றைக்கே மூடிவிட்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஞாயிறென்றும் பாராமல் சாதிச் சான்றுக்கு இருவர் வந்து நின்றதால் அழ முடியவில்லை.

மறுநாள் நரிக்குடி பஸ்ஸிலிருந்து வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் இறங்கி நேரே கடைக்குள் வந்தார். "அதுல தெனம் எழுதுறது நான்தான்" என்றார். கடை எங்கே இருக்கிறது என்று அறையில் பலமுறை பீற்றிக்கொண்டவன் நான்தானே. பத்து வருஷத்தில் அன்றுதான் அவரை நேரில் பார்த்தேன். ஜெயித்ததைச் சொல்லிக்காட்ட மெனக்கெட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று நினைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தயாரானேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜன்னல் எந்த ஓரத்தில் இருந்தது என்று கேட்டார். காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான தம்பி இருந்துச்சு. பேரு கூப்பிட்டு சாகடிச்சிட்டீகளே" என்றார். "இனிமே நான் எங்க போயிச் சொல்லுவேன்?"