மாமியாரின் தேக்கு ஃபிரேம்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மாமியார் அழுதார். அவர் காலமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது!

பயப்படாதீர்கள். அழுதது படத்தில்தான். வலது கண்ணுக்கு மேலே கண்ணாடியில் ஒரு சொட்டு கிளம்பி, கன்னம் வரை இறங்கியிருந்தது. என் மனைவி வெலவெலத்துப் போனாள். நான் கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். மாமியார் கண்ணீரில் வார்னிஷ் வாசனை...

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். போன வருடம் ஃபிரேம் போடும்போது, தேக்குதான் வேண்டும் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். எதிர்வீட்டு பாய்க்குத் துபாயிலிருந்து ஃப்ரிட்ஜ் வந்த மரப்பெட்டி அவர் கொல்லையில் சும்மா கிடந்தது. கேட்டேன், கொடுத்தார். தருமபுரத்து ஆசாரி இழைக்கும்போதே சொன்னார் — இது பைன் மரம், கணுவில் பிசின் இருக்கும், வெயில் பட்டால் வடியும் என்று. யார் கேட்டது? கருஞ்சிவப்பாக வார்னிஷ் அடித்து, பர்மா தேக்கு என்று சொல்லி மாட்டிவிட்டேன். அதுவும் மேற்கு வெயில் விழுகிற இடத்தில்! இந்தச் சித்திரையில் கணு திறந்துகொண்டது.

வாயைத் திறந்தால் தேக்குப் பொய் வெளியே வரும். நான் யோசிப்பதற்குள் மனைவி முடிவே கட்டிவிட்டாள். அம்மா இவள் தங்கைக்காகத்தான் அழுகிறாராம். தங்கை இருப்பது குரும்பகரத்தில். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி யாருக்கு என்ற சண்டையில் ஒரு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆள் மூலம் சேதி போனது. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே தங்கை வந்து இறங்கினாள்.

படத்தின் முன்னால் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மனைவி சங்கிலியைக் கழற்றித் தங்கை கழுத்தில் போட்டாள். ஒரு பெட்டி மரத்துக்காகச் சங்கிலி போகிறதே! ஆனால் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுச் சிரித்ததைப் பார்த்தபோது, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்லிக் கெடுப்பானேன்? பொய்யை மறைக்க இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

தங்கை பஸ் ஏறியதும் மனைவி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள் — மண்ணெண்ணெயில் நனைத்த துணியால். கண்ணீரைத் துடைக்க மண்ணெண்ணெய் எதற்கு என்று கேட்டேன்.

"தேக்கு எங்கயாச்சும் பிசின் வடியுமாங்க? பாய் வீட்டுப் பொட்டின்னு மாட்டுன அன்னிக்கே தெரியும்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "தங்கச்சியக் கூப்புட எனக்கு ஒரு சாக்கு வேணும்ல."

எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்!