கடல் தாண்டி வந்த சிரிப்பு

பூதலூர் கிளமென்ட் மாமா பத்து வருடம் சென்னையில் பிறர் படங்களுக்குக் காமெடி எழுதினார். ஷூட்டிங்குக்கு முன்னால் ஒவ்வொரு சீனையும் ரயிலேறி வந்து என் அப்பா மரியஅந்தோணியிடம் சொல்லிக் காட்டுவார். அப்பா அவருடைய மனைவிக்குத் தம்பி. வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டே கேட்பார். அப்பா சிரித்த இடத்தில் தியேட்டரும் சிரித்தது.

காவிரி பொய்த்த ஒரு வருடம் அப்பா மஸ்கட்டுக்குப் போனார். அதே வருடம்தான் மாமா தன் பங்கு நிலத்தை விற்று, ஒரு முழுநீளச் சிரிப்புப் படத்தைத் தானே தயாரிக்கத் துணிந்தார். கேட்டுச் சிரிக்க வேறு ஆளைத் தேடவில்லை. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மாமா இங்கே ஐ.எஸ்.டி. பூத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, மீட்டரின் சிவப்பு எண்கள் ஓட ஓட, வேகமாகச் சொல்வார்.

"மாப்ள, திருக்கடையூர்ல ஒரே மண்டபத்துல ஏழெட்டு ஜோடிக்கு அறுபதாம் கல்யாணம். கூட்டத்துல ஒரு பெரியவர் அடுத்தவர் சம்சாரத்துக்கு மாலையப் போட்டுடறார். அந்தம்மா திரும்பிப் பாத்துட்டு, 'பரவால்ல, இவரே இருக்கட்டும்'னுது."

சத்தமே இல்லை.

"சரி, இத எடுத்துடறேன். அடுத்தது, பொண்ணோட அப்பாவுக்கு மாரடைப்பு..."

அப்பா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. மாமா மாலையை அடித்துவிட்டு மாரடைப்பை வைத்துக்கொண்டார். படம் முழுக்க இப்படித்தான் எழுதினார்.

தஞ்சாவூரில் முதல் காட்சி. மாரடைப்பு வந்தபோது ஒரு பெண் "ஐயோ பாவம்" என்றாள். அதற்குமேல் ஒரு சத்தமும் இல்லை. அந்த வாரமே படப்பெட்டி திரும்பியது. பிறகு சென்னையிலிருந்து அவரை யாரும் கூப்பிடவில்லை.

லீவில் வந்த அப்பா படத்தை டிவியில் பார்த்தார். "அத்தான், அந்த மாலை சீன் எங்க? வயித்தப் புடிச்சிட்டுச் சிரிச்சேனே!"

"நீ மாரடைப்புக்குல்ல சிரிச்ச?"

"மாரடைப்புக்கு எவனாவது சிரிப்பானா? அங்கேருந்து சத்தம் வந்து சேர நேரமாகும் அத்தான். நாங்கல்லாம் ஒரு மூச்சு வுட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவோம்."

மாமா எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

நான் பல நாடுகள் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அத்தை காலமாகியிருந்தார். பூதலூர் வீட்டில் மாமா மட்டும்தான். அப்பா இன்னும் மஸ்கட்டில். வெள்ளிக்கிழமைகளில் கைபேசியில் மாமா புதிதாக ஒரு சீன் சொல்கிறார். இப்போதெல்லாம் சிரிப்பு உடனே வந்துவிடுகிறது. ஆனாலும் மாமா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசாமல் இருக்கிறார்.

"அத்தான், லைன்ல இருக்கீங்களா? சிரிச்சு முடிச்சிட்டேன்."

"இரு மாப்ள," என்கிறார். "இன்னும் வரும்."