நான் மொழிபெயர்த்த இருமல்

அன்று டாக்டர் அறையில் என் கணவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் நான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கத்தான் வேண்டுமா? எத்தனை யோசித்தும் விடை பிடிபடவில்லை. வேண்டும் என்று ஒருநாள் தோன்றுகிறது. மறுநாள் அவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போய், பாதியில் வைத்துவிட்டு மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தால் வேறு மாதிரி தோன்றுகிறது.

அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரில் ஓடு செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கல்நார் மூட்டையைக் கத்தியால் கீறி, உதறி, சிமெண்டு கலக்கும் தொட்டியில் கொட்டுவது அவர் வேலை. கல்யாணமான புதிதில் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவரின் முடியும் புருவமும் மாவு மில்லில் இருந்து வந்தவர்போல வெளுத்திருக்கும். நான் சிரிப்பேன். மகள் பிறந்த பிறகு, அந்தச் சட்டையோடுதான் அவளைத் தூக்கிக் கொஞ்சுவார். குளித்துவிட்டுத் தூக்குங்கள் என்று ஒருநாளாவது சொன்னேனா? அது வெறும் தூசி என்றுதான் நினைத்திருந்தேன். இன்று அவளுக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் காது வைத்துக் கேட்கிறேன். என்ன கேட்கிறது என்று எனக்கே தெரியாது.

அவருக்கு மூச்சிரைப்பு வந்தபோது முதலில் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இது கல்நார்த் தூசியால் வந்த நோய் என்றார். தொழிற்சங்கத்தார் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார்கள். கம்பெனி தன் தரப்பில் அவரைச் சோதிக்கப் பம்பாயிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தது. அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு எடுத்துச் சொல்வதற்கென்று கம்பெனி மேஸ்திரி ஒருவர் நின்றிருந்தார். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“இவரு வேண்டாம். எம் பொஞ்சாதி பாளையங்கோட்டையில போர்டிங்ல இருந்து படிச்சவ. அவளே சொல்லட்டும்.”

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். பயம்தான். ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். என்னையும் உட்காரச் சொன்னார். வேலைக்குச் சேரும் முன்பே இவருக்கு இருமல் இருந்ததா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டதும், சொந்தக்காரரிடம் பேசுவதுபோல இவர் ஆரம்பித்துவிட்டார்.

“இருந்துச்சு சார். சங்கரங்கோயில்ல எங்க தெரு பூராவும் தறி ஓடுத தெரு. பஞ்சு பறந்துக்கிட்டே கெடக்கும். சின்னப் பிள்ளையில மார்கழி வந்தா லொக்கு லொக்குன்னு இருமுவேன். எங்கம்மா கோயில் புத்துமண்ணக் கொழைச்சு நெஞ்சுல தடவுவா. ரெண்டு நாள்ல விட்டுரும்.”

எங்கள் ஊரில் இது ஒரு பேச்சே இல்லை. புற்றுமண் பூசாமல் வளர்ந்த பிள்ளை யார்? பனிக்காலத்தில் வந்துபோகிற சளியைத்தான் அவர் சொன்னார். நான் எல்லாவற்றையும் ஒழுங்காக ஆங்கிலத்தில் சொன்னேன். தறி, பஞ்சு, மார்கழி, இரண்டு நாளில் விட்டுப்போனது, எல்லாம். புற்றுமண்ணுக்குத்தான் சட்டென்று வார்த்தை வராமல் திணறினேன். டாக்டர் சிரித்துவிட்டுக் குனிந்து எழுதினார். மூட்டை கீறுவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுமோ என்று நானும் சும்மா இருந்தேன்.

மனு தள்ளுபடியாயிற்று. சிறுவயது முதலே இருமல் உண்டு என்று மனைவியே தெரிவித்திருக்கிறார், நெசவுப் பஞ்சினால் வந்த நோயாகவும் இருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். இரண்டு நாளில் விட்டுப்போனது மட்டும் அதில் இல்லை. வேலையும் போய், நாங்கள் சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்தோம்.

“அந்த மேஸ்திரிகிட்ட விட்டிருந்தாக்கூட பாதிய முழுங்கியிருப்பான்,” என்றார் என் மாமியார், பக்கத்து வீட்டுக்காரியிடம், எனக்குக் கேட்கும்படி. “படிச்ச மருமவல்லா! ஒண்ணு விடாம ஒப்பிச்சிட்டு வந்திருக்கா.”

போன மாதம் சங்கத்துக்காரர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். மேல்முறையீடு செய்யலாமாம். கையோடு ஒரு காகிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, கணவர் சொன்னதைத் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் வேறு டாக்டரிடம் மறுபடி சோதிக்கச் சொல்லி வாதாடலாம் என்றார்.

“நான் சரியாத்தானே சொன்னேன்?” என்றேன்.

“சரியாச் சொன்னதுதானுங்க பிரச்சினையே.”

“பாதியைத்தானே டாக்டர் எழுதியிருக்கார்? அதைச் சொல்லலாமே.”

“அதுக்கு நீங்க மட்டும்தானுங்கம்மா சாட்சி. டாக்டர் எழுத்துக்கு முன்னால உங்க பேச்சு எடுபடாதுங்க.”

கட்டிலில் உட்கார்ந்திருந்த என் கணவர் சிரித்தார். “இத்தன வருசமா எம் பொஞ்சாதி இங்கிலீஷ் பேசுவான்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பம் தெரியாதுன்னு எழுதிக் குடுக்கணுமாக்கும்? கோர்ட்ல வக்கீல் இங்கிலீஷ்ல ஏதாச்சும் கேட்டா, ஏட்டி, முழிச்சுக்கிட்டு நிப்பியா?” சிரிப்பு இருமலாகி, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அடங்கியபின், “கையெழுத்து ஒன்னோடது. ஒம்பாடு,” என்று மட்டும் சொன்னார்.

அவர் போடச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். போடாதே என்றிருந்தால் விட்டிருப்பேன். இங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வேலை போனால்கூடப் பெரிதில்லை. பொய் என்று தெரிந்துபோனால், அவரோடு மூட்டை கீறிய மற்றவர்களின் மனுக்களும் கெட்டுப்போகுமோ என்றுதான் பயம். போடாவிட்டால் இவருக்கு வைத்தியம் செய்ய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தை பிறந்ததும் காகிதத்தை வாங்க வருவதாகச் சங்கத்துக்காரர் சொல்லிப் போயிருக்கிறார். இதைப் படிக்கிறவர்களில் வழக்குக்காக அலைந்தவர்கள் இருப்பீர்கள். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கிற பெண்களும் இருப்பீர்கள். அந்த டாக்டர் எழுதாமல் விட்டதை வெளியே கொண்டுவர, பொய் சொல்லாத வழி ஏதாவது உண்டா? இல்லையென்றால், என் இடத்தில் நீங்கள் இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா? தயவுசெய்து எழுதுங்கள்.