ஞானாம்பாளின் பெருங்காய டெஸ்ட்

"மோந்து பாருங்கோ. நன்னா இழுத்து மோந்து பாருங்கோ."

பெருங்காய டப்பாவைக் கணவர் கிட்டுவின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள் ஞானாம்பாள். பல் தேய்த்துவிட்டு வந்த மனிதர் இன்னும் முகத்தைக்கூட முழுசாகத் துடைக்கவில்லை. "வருதுடி, வருது. நான் என்ன மோப்ப நாயா?" என்று அவர் சலித்துக்கொண்டு தலையை ஆட்டிய பிறகுதான் காபி கிடைக்கும். அவருக்குப் பெருங்காயம், தனக்குக் காபிப்பொடி. வாசனை தெரிந்தால் இன்றைக்குக் கொரோனா இல்லை. நாளைக்குள்ளதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் லண்டனுக்கு டிக்கெட் போட்ட நாளிலிருந்து குரோம்பேட்டையில் அந்த வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்தது.

ஞானாம்பாள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளைம் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். கடை எரிந்துபோய் நஷ்டஈடு கேட்டு வருகிறவனிடம், எரிவதற்கு முன்னால் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்கிற சீட். யார் எதைச் சொன்னாலும் "அதுக்கு ப்ரூஃப் என்ன?" என்று கேட்டுக் கேட்டு, காய்காரனிடம் கூடக் கத்திரிக்காய் இன்று பறித்தது என்பதற்கு ஆதாரம் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பாவம்தானோ என்னவோ, வயசான காலத்தில் வெள்ளைக்காரன் அவளிடம் பேப்பர் கேட்டான்.

கேட்டானா, பிடுங்கி எடுத்தான். முதலில் இந்தியா சிவப்புப் பட்டியலில் இருந்தது. போனால் ஓட்டலில் அடைத்துவைப்பார்கள். பிறகு மஞ்சளாக்கினார்கள். மஞ்சள் என்றால் மங்களம் என்று கிட்டு சந்தோஷப்பட்டார். மஞ்சளிலும் பத்து நாள் மகள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. விமானம் ஏறுவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஒரு டெஸ்ட், இறங்கிய பிறகு இரண்டு டெஸ்ட். பின்னால் எடுக்கப்போகிற டெஸ்டுக்கு முன்னாலேயே பணம் கட்டிப் பதிவு நம்பர் வாங்கியிருக்க வேண்டும். இங்கே போட்டுக்கொண்ட இரண்டு ஊசியும் அங்கே ஊசிக் கணக்கிலேயே சேராது. மூன்று நாள் என்பதை எந்த நேரத்திலிருந்து எண்ணுவது என்று விமானக் கம்பெனியைக் கேட்டாள், லேபைக் கேட்டாள், டிக்கெட் போட்டுக் கொடுத்தவனைக் கேட்டாள். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள், மூன்று பேரும் "ஷ்யூர் மேடம்" என்றார்கள்.

"இத்தனை ரூல் அந்தக் கிருமிக்குத் தெரியுமான்னா?" என்று கேட்டாள் ஒருநாள்.

"அதுக்கே தெரியாதபோது எனக்கு எப்படிடி தெரியும்?" என்றார் கிட்டு.

இவ்வளவு பாடும் நித்யஸ்ரீக்காக. ஒரே பெண். அங்கே அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் சொந்தம் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. போன வருஷம் ஒரு கர்ப்பம் நாலாம் மாசத்தில் கலைந்தது. அப்போது விமானமே இல்லை. போன் திரையில் பெண் அழுவதை இங்கிருந்து பார்த்துக்கொண்டு இருந்தாள் ஞானாம்பாள். தலையைத் தடவக்கூட முடியாத அம்மா எதற்கு என்று அன்றைக்கு அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இப்போது மறுபடி நிறைமாசம். இந்தத் தடவை பக்கத்தில் இருந்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு லேப் ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று ஒரு வார்த்தை வந்தால் அந்த முடிவு மண்ணாகிவிடும்.

அதனால் வீட்டின் இரும்பு கேட் பூட்டிக் கிடந்தது. வெளியூர் போகிறவர்களை வழியனுப்ப வருவது நம் ஊரில் ஒரு வியாதி. வந்தவர்களை எல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, ஜன்னலிலிருந்து கத்திப் பேசி அனுப்பினாள். ஒரு மாமி வடுமாங்காய் ஜாடியோடு வந்தாள்: "நாத்தனார் பிள்ளை மான்செஸ்டர்ல இருக்கான். வழிதானே, குடுத்துடேன்." மான்செஸ்டரும் லண்டனும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் போல அடுத்தடுத்த ஸ்டேஷன் என்று நினைப்பு. வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தைக்குப் போய் எவனோ கழற்றிப் போட்ட மின்விசிறி ரெகுலேட்டரை வாங்கி வருவது கிட்டுவின் பொழுதுபோக்கு. ஸ்கூட்டர் சாவியை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்து அதையும் நிறுத்தினாள்.

எல்லாரையும் நிறுத்தியவளால் சந்திரனை நிறுத்த முடியவில்லை. விமானம் புறப்படும் நாளில் ஞானாம்பாளுக்குச் சந்திராஷ்டமம் என்று கண்டுபிடித்தார் கிட்டு. அந்த நாளில் பயணம் ஆகாது. தேதியை மாற்றினால் டெஸ்ட் கணக்கு, நம்பர், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. "பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றார். கெட்ட நாளில் கிளம்ப நேர்ந்தால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். ப்ரூஃப் கேட்கிற ஞானாம்பாள் இதற்கு ப்ரூஃப் கேட்கவில்லை. பிரசவ காரியம், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மனிதருக்குத் திறக்காத கேட்டைப் பெட்டிக்காகத் திறந்தாள்.

பெட்டி போனது மூன்றாவது வீட்டுக்கு, வேதாசலத்தின் வீடு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், மாசக்கணக்கில் பேச ஆள் இல்லாமல் இருப்பவர். "வெச்சுட்டு வாசலோட வந்துடணும். காபி கீபி கிடையாது" என்று சொல்லித்தான் அனுப்பினாள். கிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தார். மாஸ்க் சட்டைப்பையில் இருந்தது.

"ஒரு வாய் காபிதான். ஆசையா குடுக்கறதை எப்படி வேண்டாம்பேன்?"

மறுநாள் மத்தியானம் வேதாசலம் போன் செய்தார். "ராத்திரியே ஜுரம்மா. டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்துடுச்சு. நீங்க கவலைப்படாதீங்க, பெட்டி பத்திரமா இருக்கு."

ஞானாம்பாள் அன்றைக்குப் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "சந்திரன் எட்டாம் வீட்டுல இருந்தா இருந்துட்டுப் போறான். நீங்க மூணாம் வீட்டுல காபி குடிச்சேளே!" கிட்டு தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு தானாகவே மாடி அறைக்குப் போய்விட்டார். பெட்டியை மீட்டு வந்தது, அந்தத் தெருக்காரர்களுக்கு எப்போதும் வண்டி ஓட்டுகிற சிட்டிபாபு. கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு கொண்டுவந்து கேட்டுக்குள்ளே வெயிலில் வைத்தான்.

"பொட்டிக்கு இன்னா மாமி, கொரோனா வருமா?"

"உனக்கு வராதுன்னு யார் சொன்னா? தள்ளி நில்லு."

சாப்பாடு மாடிப்படியில் போயிற்று, பெருங்காய டப்பாவும் தட்டோடு போயிற்று. இரண்டு நாள் மேலேயிருந்து "வருது, வருது" என்ற குரல் வந்தது. மூன்றாம் நாள் அந்தக் குரல் கொஞ்சம் கம்மினாற்போல இருந்தது. கிளைம் பிரிவு புத்தி விழித்துக்கொண்டது. தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்த வெறும் டப்பா ஒன்றை மூடிவைத்து அனுப்பினாள்.

"நன்னா கமகமன்னு இருக்குடி" என்றார் கிட்டு மேலேயிருந்து.

ஞானாம்பாள் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பொய் கிளைமைப் பிடித்திருக்கிறாள். உட்கார்ந்தபடியே லேபுக்குப் போன் போட்டாள்.

லேபிலிருந்து வந்த பெண் இரண்டு பேர் மூக்கிலும் குச்சியை விட்டு எடுத்துப் போனாள். ஞானாம்பாளுக்கு நெகட்டிவ், கிட்டுவுக்குப் பாசிட்டிவ். தன் ரிப்போர்ட்டைத் தானே நம்பாமல் வேறொரு லேபிலும் கொடுத்தாள். அதுவும் நெகட்டிவ். விதிப்படி அவள் மட்டும் போகலாம். விதியில் புருஷனைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கூடத்திலிருந்து மாடிக்குப் போன் போட்டாள். "நான் போகலை."

"பைத்தியமா உனக்கு? லேசான ஜுரம். வெறும் டப்பாவை மோந்ததுக்கெல்லாம் ஒருத்தன் செத்துட மாட்டான்."

"ஏன்னா பொய் சொன்னேள்?"

"சொல்லியிருந்தா நீ டெஸ்டே குடுத்திருக்க மாட்டே. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டு எனக்கு மிளகு ரசம் வெச்சிண்டு உக்காந்திருப்பே."

அது உண்மை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. இந்த மனிதரோடு இத்தனை காலம் குப்பை கொட்டியும், எப்போது மக்காக இருப்பார், எப்போது இவ்வளவு தெளிவாக இருப்பார் என்று கண்டுபிடிக்க முடியவில்லையே என்று எரிச்சலாக வந்தது. அழுகையும் கூடவே வந்தது. நித்யஸ்ரீயைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் "அப்பாவைத் தனியா விட்டுட்டு வராதேம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றாள் மகள். சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள். அந்த மூச்சைக் கேட்டுத்தான் ஞானாம்பாள் புடவையை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

புறப்படுகிற காலை முழுக்க மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள். ஆக்ஸிமீட்டரை வேளாவேளைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் உடனே சிட்டிபாபுவைக் கூப்பிட வேண்டும், சாப்பாட்டுக்காரன் கேட்டில் மாட்டிவிட்டுப் போவான், சூடு ஆறுவதற்குள் எடுக்க வேண்டும், போனைச் சார்ஜில் போட்டுவிட்டு எங்கேயோ போய் உட்காரக்கூடாது. மாடி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கிட்டு இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"டைம் ஆவுது மாமி. சாரைப் பத்தி இன்னாத்துக்கு ரோசனை பண்ணிகினு கீறே? நான் கீறேன்ல?" என்று பெட்டியை டிக்கியில் ஏற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்து பிடித்தான் சிட்டிபாபு.

ஞானாம்பாள் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஏறியவள் எப்போதும்போல உள்ளே நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கத்து ஜன்னல் ஓரம் வரைக்கும் போய் உட்கார்ந்து, நடுவில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டாள்.